குதிரை வாங்குவதா, இரவல் குதிரையில் ஏறுவதா, முதலில் வாளி தூக்குவதா?

போன மாதம் சான் ஹோசேயிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். ஆறு மாதமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறான், வாரத்துக்கு ஒரு வகுப்பு. டெவிஸ் கோப்பை என்ற 100 மைல் குதிரைச் சவாரியைப் பற்றி எங்கோ பார்த்துவிட்டு மூன்று நாளாக அதே நினைப்பாம். "அக்கா, இங்க பக்கத்துல ஒரு அரபுக் குதிரை விலைக்கு வருது, வாங்கிடவா?" என்றான். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? என்னிடம் சொன்னபோது நானே கேட்கவில்லையே. அதனால் அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது என்ன என்றே தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. குதிரைப் பந்தயம் என்றதும் நமக்குக் கிண்டிதான் ஞாபகம் வரும், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும் சமாசாரம். இந்த நெடுந்தூரச் சவாரி, எண்டூரன்ஸ் என்பார்கள், அதற்கு நேர் எதிர். காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள்; அல்லது 100 மைல், 24 மணி நேரத்துக்குள்; ஒரே குதிரை, ஒரே ஆள். நான் இருக்கும் வட கலிபோர்னியாதான் அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குத் தாய்வீடு. 1955-இல் வெண்டல் ரோபி என்ற ஆபர்ன் ஊர்க்காரரும் சில நண்பர்களும் டாஹோ ஏரிப் பக்கமிருந்து சியரா நெவாடா மலையைக் கடந்து ஆபர்ன் வரை 100 மைலை ஒரே நாளில் குதிரையில் வந்து காட்டினார்கள். அதுதான் பின்னால் டெவிஸ் கோப்பை ஆயிற்று. உயிரைக் கொடுத்து முடிப்பவருக்குக் கிடைப்பது பணமுடிப்பு அல்ல, ஒரு வெள்ளி பெல்ட் பக்கிள். கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் அளவுக்குத்தான் அதுவும் வாய்க்கும். 1972-இல் உருவான ஏஇஆர்சி என்ற சங்கம்தான் நாடு முழுக்க இந்த சவாரிகளுக்கு விதி வகுப்பது, அதன் வாசகமே 'முடித்தாலே வெற்றி' என்பதுதான்.

ஆனால் முடிப்பது என்பது கோட்டைத் தாண்டுவது அல்ல, இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். வழியில் அங்கங்கே வெட் செக் இருக்கும். கால்நடை மருத்துவர் நிற்பார். வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அவர்கள் குறித்து வைத்த எண்ணுக்கு, பெரும்பாலும் 60 அல்லது 64-க்கு, இறங்கியாக வேண்டும். அப்புறம் ஈறின் நிறம், தோலைக் கிள்ளி விட்டால் எவ்வளவு சீக்கிரம் படிகிறது, வயிற்றில் காது வைத்தால் குடல் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் நேர்க்கோட்டில் குதிரையை ஓட விட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால்தான் மேலே போக விடுவார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் இதே பரிசோதனை உண்டு. 'இந்தக் குதிரை இன்னும் போகலாம்' என்று மருத்துவர் சொன்னால்தான் நீங்கள் முடித்ததாகக் கணக்கு. இல்லையென்றால் 'புல்'. நம் ஊர்ப் புல் இல்லை, ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் அம்மாவிடம் "குதிரை புல் ஆயிடுச்சும்மா" என்று சொன்னபோது "நல்லா சாப்பிட்டுச்சா, பாவம்" என்றார், நான் திருத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவருக்கு மூன்று வழி. சொந்தக் குதிரை, இரவல் குதிரை, குதிரையே இல்லாமல் முகாமில் வேலைக்குப் போவது. மூன்றையும் நான் செய்திருக்கிறேன், வரிசை மட்டும் தப்பு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன்.

சொந்தக் குதிரை வாங்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த குதிரையெல்லாம் ஊர் எல்லையில் அய்யனார் கோயிலில் நிற்கும் மண்குதிரைதான். அது நகராது, உதைக்காது, மாதா மாதம் பில் அனுப்பாது. இங்கே வந்து, நாற்பதை நெருங்கும்போது சவாரி கற்று, எட்டாவது மாதத்தில் ஐந்து வயது அரபுக் குதிரை ஒன்றை வாங்கினேன். செம்பழுப்பு நிறம், கண் இரண்டும் விளக்கு மாதிரி. அதுவரை ஒரு சவாரிக்கும் போகாத குதிரை, ஒரு சவாரிக்கும் போகாத நான். வாங்கின மறு வாரம்தான் உறைத்தது, இதை எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்றால் வண்டி வேண்டும். அரபுக் குதிரை ஒன்று 400 கிலோவைத் தாண்டும், அதை ஏற்றும் ட்ரெய்லர் தனி எடை, அலுவலகம் போகும் காரில் கட்டி இழுக்க முடியாது. பிக்கப் டிரக் வாங்கினோம். லாய வாடகை, வைக்கோல், ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர், தடுப்பூசி, பல் ராவுதல், முதுகில் சரியாக உட்காராத சேணத்தை மாற்றிப் புதுச் சேணம். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காசு போனது பெரிதில்லை. முதல் 25 மைல் சவாரியில் கிளம்பும் இடத்திலேயே நாற்பது குதிரைகள் ஒன்றாக நகர ஆரம்பித்ததும் என் குதிரைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிடித்து நிறுத்த எனக்குத் தெரியவில்லை, முன்னால் போகிறவர்களோடு சேர்ந்து பறந்தது, உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வெட் செக்கில் நாடி 76-இல் நின்றது. தண்ணீர் ஊற்றினேன். 72. மறுபடி ஊற்றினேன். அரை மணி முடிந்தபோதும் 68. குடல் சத்தம் வலப்பக்கம் கேட்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அப்போது தெரியாத ஒன்று: குதிரையின் வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம், தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறாது, அதனால் மூளைக்குத் தாகம் என்ற சேதியே ஒழுங்காகப் போய்ச் சேராது. உடம்பு வற்றிக்கொண்டே இருக்கும், குதிரை குடிக்காது. ராத்திரி பத்து மணி வரை அதன் பக்கத்தில் நின்றேன். பிழைத்துக்கொண்டது. தப்பு குதிரையுடையதும் இல்லை, விற்றவருடையதும் இல்லை. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பார்கள், இங்கே ஒரு நல்ல குதிரை ஒரு மண் ஆளை நம்பி இறங்கிவிட்டது.

இதைச் சொன்னால் 'அப்போ சொந்தக் குதிரையே கூடாதா' என்பீர்கள். அப்படி இல்லை. ஏற்கெனவே வீட்டிலோ லாயத்திலோ குதிரை வைத்திருப்பவர், வாரத்துக்கு மூன்று நாள் காட்டுப் பாதையில் போகிறவர், அவர் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை. அது அரபுக் குதிரையாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. முன்வரிசையில் அரபுக் குதிரைகள்தான் இருக்கும், உண்மை. ஆனால் மார்கன், மஸ்டாங், கோவேறு கழுதை எல்லாம் 50 மைல் முடிக்கின்றன. வயது மட்டும் பாருங்கள்: குறுந்தூரத்துக்கு 4 வயதும், 50 மைலுக்கும் அதற்கு மேலும் 5 வயதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலே பொறுமை வேண்டும், ஏனென்றால் குதிரைக்கு இதயமும் நுரையீரலும் சில மாதங்களில் தயாராகிவிடும், தசைநாணும் எலும்பும் வருடக் கணக்கில்தான் இறுகும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று பார்த்து ஏமாந்து குதிரையின் கால் தசைநாணைக் கெடுத்துவிட்டவர்கள் ஏராளம்.

இரண்டாவது வழி இரவல். எங்கள் முகாம்களில் ஒரு விசித்திரம் உண்டு, குதிரைகள் மிச்சம், ஏற ஆட்கள் குறைவு. அறுபது எழுபது வயதில் இருக்கும் அம்மாக்கள், ஆமாம், இங்கே ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம், நான்கு குதிரை வைத்திருப்பார்கள்; உட்காருவது ஒன்றில், மற்ற மூன்றும் வேலை இல்லாமல் கொழுக்கும். பழக்கம் தெரிந்த, கை மென்மையான ஆள் கிடைத்தால் அவர்களே கூப்பிட்டு ஏற்றிவிடுவார்கள். பொதுவாக நுழைவுக் கட்டணமும் பெட்ரோலில் பங்கும் உங்களுடையது, குதிரையும் சேணமும் அவர்களுடையது. இதன் பெரிய லாபம் பணம் இல்லை. அந்தக் குதிரைக்கு வழி தெரியும். எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், எந்த ஏற்றத்தில் நடக்க வேண்டும், வெட் செக்கில் தலையைத் தொங்கப் போட்டு எப்படி ஓய்வெடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நீங்கள் சும்மா உட்கார்ந்து பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது. நான் என் குதிரையைப் புல்வெளியில் விட்டுவிட்டு எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவரின் பதினாறு வயதுக் குதிரையில் 50 மைல் போனேன். பாதி வழியில் நான் லேசாகக் குதிகால் கொடுத்தபோது அது காதைப் பின்னால் மடக்கி, நடையை மாற்றாமலே போயிற்று. பன்னிரண்டு மணி நேரத்தில் அதற்கு எவ்வளவு மிச்சம் என்று என்னைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சங்கடங்களும் உண்டு, மறைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கு யாரும் குதிரை தர மாட்டார்கள், தரக்கூடாது. அவர் சொன்ன வேகம்தான் வேகம். நாடி கொஞ்சம் ஏறினாலும் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், ரோஷப்பட முடியாது. குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் செலவு என்பதை ஏறுவதற்கு முன்னாலேயே வாய்விட்டுப் பேசி, எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இதை விட்டுவிடுவார்கள். எடையும் ஒரு விஷயம். சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. மெலிந்த அரபுக் குதிரை வைத்திருப்பவர் தராசைக் காட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாதக் குத்தகைக்கு எடுப்பதும் இதன் இன்னொரு வடிவம்தான், பாதிச் செலவு, பாதி சுதந்திரம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. தொண்டு வேலை. ஒவ்வொரு சவாரிக்கும் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, நடத்துகிறவரை அழைத்து 'நான் வரட்டுமா' என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். சாப்பாடு போட்டு, கையில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்து, குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் எங்கே வைத்துக் கேட்க வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கு, அவ்வளவுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அறுபது எழுபது குதிரையின் இதயத்தைக் கேட்டுவிட்டால் உங்களுக்கே ஒன்று விளங்க ஆரம்பிக்கும்: ஓடி வந்து நிற்கிற குதிரை 72 காட்டும், அதற்குப் பத்து நிமிடம் பின்னால் இறங்கி நடத்திக்கொண்டு வந்தவரின் குதிரை வரும்போதே 60, இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சாப்பிடப் போவார்கள். இந்தக் கணக்கை எனக்கு எத்தனையோ பேர் வாயால் சொல்லியிருக்கிறார்கள். காதால் கேட்டபோதுதான் ஏறிற்று.

அதைவிடவும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள்: மருத்துவர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதை அட்டையில் எழுதும் வேலை. ஈறு ஏ, தோல் பி, குடல் பி, நடை ஏ என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், நீங்கள் எழுதிக்கொண்டே குதிரையைப் பார்ப்பீர்கள். நாடியை எண்ணி, சுமார் 75 மீட்டர் போக வர ஓட விட்டு, ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவார்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்தோ அதே அளவோ இருந்தால் நல்லது, ஏறியிருந்தால் குதிரைக்கு உள்ளே எங்கோ கஷ்டம். நொண்டுகிறதா என்பதற்குத் தலையைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றது அங்கேதான். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். ஒரு முழு நாள் அப்படி நின்றால், குதிரை வாங்கப் போகும்போது விற்பவர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது. நான் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் என்று இன்னும் நினைப்பதுண்டு.

அடுத்த படி, ஓட்டுபவருக்குத் துணையாகப் போவது, க்ரூ என்பார்கள். டெவிஸில் 36-ஆவது மைலில் ராபின்சன் ஃப்ளாட், 68-ஆவது மைலில் ஃபாரஸ்ட்ஹில், இரண்டிலும் ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. குதிரை வருவதற்கு முன்னால் வாளியில் தண்ணீர், ஊறவைத்த பீட் கிழங்குச் சக்கை, வைக்கோல், ஓட்டுபவருக்கு உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, மாற்றுக் காலுறை எல்லாம் பரப்பி வைத்துவிட்டுத் தூசியில் காத்திருக்க வேண்டும். வந்ததும் கல்யாண வீட்டுப் பந்திதான், ஒருவர் கழுத்தில் தண்ணீர் ஊற்ற, ஒருவர் வழிக்க, சூடான தண்ணீரை வழித்து எறிந்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். இந்த வேலையில் குறை என்ன என்றால் குதிரையில் ஏறவே மாட்டீர்கள். இரண்டு மூன்று சவாரிக்கு மேல் இதையே செய்தால் சலிப்பு வரும், அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. ஆனால் அதற்குள் முகாமில் பாதிப் பேருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும், இரவல் குதிரைக்கு வாசல் திறப்பது அங்கேதான். வாளி தூக்கியவளுக்கு அந்த எழுபத்திரண்டு வயது அம்மா தானாகவே கேட்டுக் குதிரை கொடுத்தார், அதுவரை இரண்டு வருடம் நான் கேட்டும் யாரும் கொடுத்ததில்லை.

எந்த சவாரியில் தொடங்குவது என்று இன்னொரு குழப்பம், இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 25 முதல் 35 மைல் வரை 'லிமிடெட் டிஸ்டன்ஸ்', 25 மைலுக்கு 6 மணி நேரம். சிலர் இதைக் குழந்தைகள் ஆட்டம் மாதிரி பேசுவார்கள், காதில் வாங்காதீர்கள். இதில் ஓர் அருமையான விதி இருக்கிறது: கோட்டைத் தாண்டிய நேரம் கணக்கில்லை, குதிரையின் நாடி 60-க்கு இறங்கிய நேரம்தான் கணக்கு. பாய்ந்து வந்து முதலில் சேர்ந்தவர் வாளியோடு போராடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நடந்து வந்தவர் ஜெயித்துவிடுவார். பல இடங்களில் 10, 15 மைலுக்கு அறிமுக சவாரியும் உண்டு, அதில் தொடங்கினால் இன்னும் நல்லது. வேகமே பிடிக்காது, குதிரையைக் கையாளும் நேர்த்திதான் பிடிக்கும் என்றால் இதே காட்டுப் பாதையில் வேறொரு ஆட்டம் இருக்கிறது, என்ஏடிஆர்சி என்ற சங்கம் 1961 முதல் நடத்துவது. அதில் குறித்த நேரத்துக்குள் வந்தால் போதும், வழியில் நடுவர்கள் நின்று மதிப்பெண் போடுவார்கள், கடைசியில் எங்கே தப்பு செய்தீர்கள் என்று எழுதின அட்டை கையில் வரும். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது, ஆனால் தேர்வு பிடிக்கும் ஆட்களுக்கு இது பொருத்தமாக இருக்கும்.

ஓடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்: ரைட் அண்ட் டை. இரண்டு ஆள், ஒரு குதிரை. ஒருவர் குதிரையில் முன்னே போய் ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஓடத் தொடங்குவார். பின்னால் ஓடி வருபவர் அவிழ்த்து ஏறிக்கொண்டு முந்துவார். இப்படியே மாறி மாறி. 1971-இல் லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி ஆதரவில் கலிபோர்னியாவில் தொடங்கியது. சான் ஹோசேயில் மாரத்தான் ஓடும் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், குதிரை வைத்திருக்கிற ஒருவருக்கு ஓடும் ஜோடி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், பேரம் இரண்டு பேருக்கும் லாபம். கார்டி ஐன்ஸ்லி என்பவர் 1973-இல் டெவிஸில் குதிரை நொண்டியதால் பாதியில் நின்று, 1974-இல் குதிரையே இல்லாமல் அதே 100 மைலைக் காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்று உலகமெங்கும் நடக்கும் 100 மைல் மலை ஓட்டங்களுக்கு விதை அதுதான். குதிரை கிடைக்காமல் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முன்னோடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, ஒருவர் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: முதல் வருடம் இரண்டு சவாரிக்கு வேலைக்கு, ஒன்றுக்கு க்ரூவாக, இரண்டாம் வருடம் அங்கே பழகினவரின் குதிரையில் பயிற்சிக்குப் போய், 25 மைல் இரண்டு, முடிந்தால் 50 ஒன்று, மூன்றாம் வருடம் வாங்கலாமா என்று யோசிப்பது, அதுவும் ஏற்கெனவே சில சவாரி முடித்த, பத்து வயதைத் தாண்டிய குதிரையாக. இளங்குதிரையை வாங்கி நாமே உருவாக்குவோம் என்ற ஆசை அழகானது, அதை இரண்டாவது குதிரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் முகாம் எதுவும் இல்லாத மாநிலத்தில் இருப்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது. ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து வாளி தூக்கு என்று நான் சொல்ல மாட்டேன், அவர் உள்ளூரில் ஒரு குதிரையைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பழகுவதே மேல். பிள்ளைகள் ஆசைப்பட்டால் அது வேறு கணக்கு. 16 வயதுக்கு உட்பட்டவர் ஹெல்மெட்டோடு, பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கூடவே சவாரி செய்தால்தான் போகலாம், ஆகவே பிள்ளைக்குக் குதிரை தேடுவதற்கு முன்னால் அந்தப் பெரியவரைத் தேடுங்கள்.

என் செம்பழுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் சும்மா காட்டில் நடந்தோம், மூன்றாவது வருடம் அதே 25 மைலைக் கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக முடித்தோம், வெட் செக்கில் நாடி 52. இப்போது அதற்குப் பன்னிரண்டு வயது.

தம்பிக்கு நேற்று திரும்பப் போன் செய்தேன். குதிரைக்காரரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றான், நல்லவேளை. அடுத்த மாத சவாரிக்கு நாடி எண்ண ஆள் தேவைப்படுகிறது, காலை ஐந்தரைக்கு முகாமில் இருக்க வேண்டும், தொப்பியும் வினாடி முள் உள்ள கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு வா, ஸ்டெதாஸ்கோப் என்னிடம் இரண்டு இருக்கிறது என்றேன். "குதிரையில ஏறலாமா அக்கா?" என்று கேட்டான். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் உதைக்கும், அதன் பின்னால் மட்டும் நிற்காதே என்று சொல்லி வைத்தேன்.